நாய்க்குட்டி வாங்கும் முன் ஒரு கணக்கு!

சென்ற வாரம் பக்கத்து வீட்டில் ஒரே ஆரவாரம்.

அந்த வீட்டுக்காரர் ஒரு நாய்க்குட்டி கொண்டு வந்தார். அது துணிப்பைக்குள் இருந்து தலையை நீட்டிப் பார்த்தது. வெள்ளையும் பழுப்பும் கலந்த நிறம். பஞ்சு உருண்டை போல இருந்தது.

அவருடைய மகளுக்கு எட்டு வயது. ஆறு மாதமாக, "நாய் வேண்டும், நாய் வேண்டும்" என்று அடம் பிடித்தவள். குட்டியைக் கண்டதும் குதித்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். ஒருவன் பால் கொண்டு வந்தான். ஒருவன் பிஸ்கட் கொண்டு வந்தான்.

அந்த வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் மகனைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, இது எத்தனை வருஷம் இருக்கும்?" என்று கேட்டார்.

"யாருக்கம்மா தெரியும்? இருக்கிற வரைக்கும் இருக்கும்" என்றார் மகன்.

"மாடு வாங்கினால் பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம். நாய் வாங்கினால் ஒன்றும் பார்க்க வேண்டாமா?" என்றார் பாட்டி.

மகன் பதில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பாட்டி கேட்டது நல்ல கேள்வி. நாய் வளர்க்க நினைக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஆனால் யாரும் கேட்பதில்லை. குட்டி அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். விலை என்ன என்று கேட்கிறோம். கடிக்குமா என்று கேட்கிறோம். எத்தனை வருஷம் நம்மோடு இருக்கும் என்று மட்டும் கேட்பதில்லை.

எத்தனை வருஷம்?

வீட்டில் வளரும் நாய் சாதாரணமாக 10 முதல் 13 வருஷம் வரை வாழும். நல்ல கவனிப்பு இருந்தால் 14, 15 வருஷம் இருக்கும் நாய்களும் உண்டு.

இது வாய்க்கு வந்த கணக்கு அல்ல. பிரிட்டனில் நாய்களின் ஆயுளைப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். 5 லட்சத்து 84 ஆயிரத்துக்கும் அதிகமான நாய்களின் விவரங்களைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். முடிவை 2024-ல் வெளியிட்டார்கள். அங்கே நாய்களின் ஆயுள் நடுத்தரமாக பன்னிரண்டரை வருஷம் என்று தெரிந்தது. அதாவது, பாதி நாய்கள் அதற்கு முன்பே இறக்கின்றன. பாதி நாய்கள் அதைத் தாண்டியும் வாழ்கின்றன.

எல்லா நாய்க்கும் ஒரே ஆயுள் இல்லை. குட்டைக் காலும் நீண்ட உடம்பும் கொண்ட சின்ன டாஷ்ஹண்ட் நாய் அங்கே சுமார் 14 வருஷம் வாழ்கிறது. லாப்ரடார் சுமார் 13 வருஷம். சப்பை மூக்கு பிரெஞ்சு புல்டாக் 10 வருஷத்தைத் தொடுவதே கஷ்டம்.

யானையும் எலியும்

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது.

பொதுவாகப் பெரிய மிருகம் அதிக நாள் வாழும். சிறிய மிருகம் சீக்கிரம் சாகும். யானை அறுபது வருஷம் வாழும். எலி இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடும்.

ஆனால் நாய்களில் இது தலைகீழ்! சின்ன நாய் அதிக நாள் வாழும். பெரிய நாய் சீக்கிரம் சாகும். ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும் கிரேட் டேன் நாயைப் பார்த்தால் நமக்குப் பயமாக இருக்கும். ஆனால் அதன் ஆயுள் பெரும்பாலும் 8 முதல் 10 வருஷம்தான். மடியில் தூங்கும் சின்ன நாய் அதைவிட நாலைந்து வருஷம் கூடுதலாக வாழும்.

இது ஏன்? ஜெர்மனியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 74 இன நாய்களின் விவரங்களைப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளிவந்தது. பெரிய நாய்களுக்கு முதுமை வேகமாக நடக்கிறது என்று கண்டார்கள். உடல் எடையில் ஒவ்வொரு 2 கிலோ கூடும்போதும் ஆயுளில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைகிறதாம்.

பெரிய நாயின் உடம்பு, குட்டியாக இருக்கும்போதே அசுர வேகத்தில் வளர்கிறது. சீக்கிரம் வளர்ந்தது சீக்கிரம் தேய்கிறது.

ஏழால் பெருக்கலாமா?

"நாயின் ஒரு வருஷம் மனிதனுக்கு ஏழு வருஷம்" என்று சொல்வார்கள். அந்தக் கணக்கு சரியல்ல.

யோசித்துப் பாருங்கள். ஒரு வயது நாய் குட்டி போட்டுவிடும். ஏழு வயதுப் பெண் குழந்தை பிள்ளை பெறுமா?

நாய் முதல் இரண்டு வருஷத்தில் வேகமாக வளர்கிறது. பிறகு வயது மெதுவாக ஏறுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் லாப்ரடார் நாய்களின் உயிரணுக்களைச் சோதித்தார்கள். 2020-ல் ஒரு புதுக் கணக்கை வெளியிட்டார்கள். அதன்படி ஒரு வயது நாய், முப்பது வயதை எட்டிய மனிதனுக்குச் சமம். நாலு வயது நாய் ஐம்பதைத் தாண்டியவருக்குச் சமம். ஏழு வயது நாய் அறுபதைத் தாண்டியவர். பன்னிரண்டு வயது நாய் எழுபது வயதுக் கிழவர்.

இதிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஏழு வயது நாயைப் பார்த்து, "இது இன்னும் சின்னது" என்று நினைக்கிறோம். அது சின்னது அல்ல. வயதானவர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அன்று முதல் அதன் சாப்பாடும் வைத்தியமும் மாற வேண்டும்.

29 வருஷம் வாழ்ந்த நாய்

"என் மாமா வீட்டு நாய் இருபது வருஷம் இருந்தது" என்று சிலர் சொல்வார்கள். அப்படியும் நடக்கலாம். ஆனால் அது அபூர்வம்.

ஆஸ்திரேலியாவில் 'புளூயி' என்று ஒரு நாய் இருந்தது. மாட்டு மந்தையை ஓட்டும் இனம். 1910-ல் பிறந்தது. 1939-ல் இறந்தது. 29 வருஷமும் 5 மாதமும் வாழ்ந்தது. பல வருஷங்கள் ஆடுமாடுகளை ஓட்டி வேலை செய்தது.

போர்ச்சுகல் நாட்டில் 'பாபி' என்று இன்னொரு நாய். 2023 அக்டோபரில் அது செத்தபோது, 31 வயது என்று சொன்னார்கள். கின்னஸ் புத்தகத்திலும் இடம் கிடைத்தது. பிறகு சந்தேகம் எழுந்தது. விசாரணை நடந்தது. வயதுக்குச் சரியான அத்தாட்சி இல்லை என்று 2024 பிப்ரவரியில் அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே, முப்பது வருஷ நாயை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம். பன்னிரண்டு வருஷம் என்று போடுங்கள். அதுதான் குடும்பக் கணக்கு.

நாங்கள் செய்த தவறு

இப்போது என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. நாட்டு நாய்தான். செவலை நிறம். வாசலில் படுத்திருக்கும். தபால்காரரைத் தவிர யாரையும் குரைக்காது. அவர் என்ன பாவம் செய்தாரோ தெரியாது!

மணியின் மேல் எல்லோருக்கும் உயிர். காலையில் நான் காப்பி குடித்தால் அதற்கு இரண்டு பிஸ்கட். என் மனைவி தோசை சுட்டால் முதல் தோசை அதற்கு. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தால் அதுவும் அதற்கு. பொங்கல் என்றால் நெய் ஒழுகச் சர்க்கரைப் பொங்கல். தீபாவளி என்றால் லட்டு.

மணி கொழுத்தது. "நன்றாகச் சாப்பிடுகிறது" என்று பெருமைப்பட்டோம். ஆறாவது வயதில் ஓடுவதை நிறுத்தியது. "வயதாகிறது" என்றோம். ஏழாவது வயதில் மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கியது. "வெயில்" என்றோம். எட்டாவது வயதில் எழுந்திருக்க முடியவில்லை. அப்போதுதான் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் எடை பார்த்தார்.

"என்ன வயது?" என்று கேட்டார்.

"எட்டு."

"எடை எவ்வளவு தெரியுமா?"

"தெரியாது, டாக்டர்."

"34 கிலோ. இந்த உடம்பு 20 கிலோ சுமக்க வேண்டிய உடம்பு. 14 கிலோ மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு நீங்கள் நடப்பீர்களா?" என்றார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது.

மணி இருபது நாளில் செத்துப்போனது. இன்னும் நாலு வருஷம் வாழ்ந்திருக்க வேண்டிய நாய். அதை யாரும் அடிக்கவில்லை. யாரும் பட்டினி போடவில்லை. கொஞ்சிக் கொஞ்சியே கொன்றுவிட்டோம்.

48 நாய்கள் சொன்ன உண்மை

மணி செத்த பிறகுதான் ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன்.

அமெரிக்காவில் ஒரு நாய் உணவுக் கம்பெனி இந்தச் சோதனையை நடத்தியது. 48 லாப்ரடார் குட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு வழக்கமான சாப்பாடு. மற்றொன்றுக்கு அதில் கால் பங்கு குறைவு. சாகும் வரை இப்படியே கொடுத்தார்கள்.

2002-ல் முடிவு வெளிவந்தது. வழக்கமாகச் சாப்பிட்ட நாய்கள் சுமார் 11 வருஷம் வாழ்ந்தன. குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் 13 வருஷம் வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

மருந்து இல்லை. மந்திரம் இல்லை. சாப்பாட்டில் கால் பங்கைக் குறைத்ததால் ஏறக்குறைய இரண்டு வருஷ ஆயுள் கூடியது!

உங்கள் நாய் பருமனா என்று நீங்களே பார்க்கலாம். அதன் விலாவைக் கையால் தடவுங்கள். எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலே இருந்து பாருங்கள். இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். விலா தட்டுப்படவில்லை, உடம்பு பீப்பாய் போல இருக்கிறது என்றால் சாப்பாட்டைக் குறையுங்கள். நடக்கக் கூட்டிப் போங்கள்.

சில பொருள்களை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. சாக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம், பூண்டு எல்லாம் நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். பாயசத்தில் கிடக்கும் திராட்சையைக்கூட எடுத்துப் போடாதீர்கள். நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையையும் கொடுக்காதீர்கள். அதனால் செத்த நாய்கள் உண்டு.

ஊசி போட்டீர்களா?

முதுமை வந்து சாகும் நாய்களைப் பற்றிச் சொன்னேன். ஒரு வயதுகூட நிரம்பாமல் சாகும் குட்டிகள் எத்தனையோ!

'பார்வோ' என்று ஒரு நோய் இருக்கிறது. 1978-ல் உலகம் முழுவதும் பரவியது. குட்டிக்கு வாந்தி வரும். ரத்தபேதி ஆகும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். 'டிஸ்டெம்பர்' என்பது இன்னொரு நோய். காய்ச்சலும் சளியுமாகத் தொடங்கும். பிறகு வலிப்பு வரும். இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்போது முதல் ஊசி. பிறகு சில வாரங்களுக்கு ஒரு முறை. டாக்டர் சொல்லும் தேதியைத் தவற விடக்கூடாது.

ஒரே ஊசி போட்டுவிட்டு, "போட்டாயிற்று" என்று இருந்துவிடுகிறவர்கள் அதிகம். அது பாதி கட்டிய சுவர். மழை வந்தால் இடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலானது வெறிநாய்க்கடி ஊசி. இது நாயின் ஆயுளைப் பற்றிய விஷயம் மட்டும் அல்ல. நம் பிள்ளைகளின் ஆயுளைப் பற்றிய விஷயம். வெறிநோய் கண்டுவிட்டால் நாயும் பிழைக்காது. அது கடித்து நோய் வந்துவிட்டால் மனிதனும் பிழைப்பது அரிது. மனிதருக்கு வரும் இந்த நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருவதுதான்.

பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6-ந் தேதி, வெறிநாய் கடித்த ஒரு ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டுக் காப்பாற்றினார். நம் குன்னூரில் அவர் பெயரால் 1907-ல் ஒரு நிலையம் தோன்றியது. இவ்வளவு காலம் ஆகியும் ஊசி போடாத நாய்கள் நம் தெருவில், நம் வீட்டில் இருக்கலாமா?

நாய்க்கு மூன்று மாதம் ஆனதும் இந்த ஊசியைப் போடுங்கள். பிறகு டாக்டர் சொல்கிறபடி மறுபடியும் போடுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு நாள். அதையொட்டிப் பல ஊர்களில் இலவசமாகவே போடுகிறார்கள்.

எந்த நாய் கடித்தாலும் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் ஒன்றும் வைக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

உண்ணியையும் அலட்சியம் செய்யாதீர்கள். காதுக்குள், விரல் இடுக்கில் தேடிப் பாருங்கள். உண்ணியால் வரும் காய்ச்சல் நாயின் ரத்தத்தையே வற்ற வைத்துவிடும்.

பகட்டுக்கு நாயா?

இப்போது ஒரு மோகம் வந்திருக்கிறது. சினிமாவில் பார்த்த நாய் வேண்டும். செல்போனில் பார்த்த நாய் வேண்டும். பனி நாட்டில் வண்டி இழுக்கும் ஹஸ்கி நாயைக் கொண்டு வந்து கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் கட்டுகிறார்கள். கம்பளி போர்த்தியவனை அடுப்பங்கரையில் உட்கார வைத்த கதைதான்!

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சப்பை மூக்கு நாய்க்கு அந்த மூச்சே ஒழுங்காக வராது. பார்க்க வேடிக்கையாக இருக்கிறது என்று அப்படி வளர்த்தார்கள். வேடிக்கை நமக்கு. மூச்சுத் திணறல் அதற்கு.

நம் மண்ணுக்கு என்று நாய்கள் இல்லையா? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று எத்தனை! ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். அந்த நாய்களுக்கு ஓட இடம் வேண்டும். இடம் இல்லாதவர்களுக்குத் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியே போதும். வெயில் தாங்கும். நம் வீட்டுச் சோறு தின்னும். விலை கொடுக்க வேண்டியதும் இல்லை.

கடைசி இரண்டு வருஷம்

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

குட்டியாக இருக்கும்போது நாயை எல்லோரும் கொஞ்சுகிறார்கள். கடைசி இரண்டு வருஷம் இருக்கிறதே, அப்போதுதான் மனிதரின் குணம் தெரிகிறது.

வயதான நாய்க்குக் கண்ணில் நீல நிறத்தில் புகை படரும். காது கேட்காது. கூப்பிட்டால் வராது. இரவில் காரணம் இல்லாமல் ஊளையிடும். வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விடும். பல் ஆடும். வாய் நாறும். காவலுக்கும் உதவாது.

அப்போது சிலர் என்ன செய்கிறார்கள்? வண்டியில் ஏற்றுகிறார்கள். ஊருக்கு வெளியே கொண்டு போகிறார்கள். புளிய மரத்தடியில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த நாய் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வரும். ஓட முடிகிற வரைக்கும் ஓடும். பிறகு இறக்கிவிட்ட இடத்துக்கே திரும்பிப் போய் உட்கார்ந்திருக்கும். "எஜமான் வருவார்" என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய் அது. குப்பையில் தேடித் தின்னத் தெரியாது. மற்ற நாய்கள் அதைக் கடித்துக் குதறும். சில நாளில் செத்துவிடும்.

இது குற்றம். 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வளர்த்த பிராணியைப் பட்டினியும் தாகமுமாகச் சாகும்படி விட்டுவிடக்கூடாது. ஆனால் அந்தச் சட்டத்தில் முதல் தடவைக்கு எழுதி வைத்த அபராதம் என்ன தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! சட்டம் எழுதிய நாளில் அது பெரிய தொகை. இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது.

அபராதத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை. மனசாட்சிக்குப் பயந்தால்தான் உண்டு.

"மனிதருக்கே சோறு இல்லை. நாய்க்கு என்ன உபசாரம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பதில் இது: நாய் வளர்க்கும்படி யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. வளர்க்க வசதி இல்லையா? வேண்டாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டால், பிறகு கைகழுவும் உரிமை நமக்குக் கிடையாது.

வயதான நாய்க்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. படுக்க ஒரு பழைய சாக்கு. மெல்ல முடியாவிட்டால் குழைந்த சோறு. பக்கத்தில் தண்ணீர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர். தீராத வலி வந்துவிட்டால் என்ன செய்யலாம் என்று அவரைக் கேளுங்கள். அவர் வழி சொல்வார். எது நடந்தாலும் கடைசி நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். அதன் முகம் உங்களைத்தான் தேடும்.

பத்து வருஷம் காத்திருந்த நாய்

ஜப்பானில் 'ஹாச்சிகோ' என்று ஒரு நாய் இருந்தது. 1923-ல் பிறந்தது. டோக்கியோ நகரில் ஒரு பேராசிரியர் அதை வளர்த்தார். அவருடைய பெயர் உயேனோ. அவர் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் ஹாச்சிகோ ஷிபுயா ரெயில் நிலையத்துக்குப் போய் நிற்கும்.

1925 மே 21-ந் தேதி பேராசிரியர் வேலைக்குப் போன இடத்திலேயே இறந்துவிட்டார். நாய்க்கு அது எப்படித் தெரியும்? அது நிலையத்துக்கு வந்து நின்றது. மறுநாளும் வந்தது. வருஷக்கணக்கில் வந்தது. 1934-ல் அங்கே அதற்குச் சிலை வைத்தார்கள். 1935 மார்ச் 8-ந் தேதி ஹாச்சிகோ இறந்தது.

அது வாழ்ந்தது 11 வருஷம். அதில் ஏறக்குறைய 10 வருஷம் எஜமானுக்காகக் காத்திருந்தது.

நாயின் நன்றியைப் புகழ்வதற்கு இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் அதற்காகச் சொல்லவில்லை. கணக்குக்காகச் சொல்கிறேன். நமக்கு எழுபது வருஷ வாழ்வு. அதில் நாய்க்கு என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மூலையை ஒதுக்குகிறோம். வீடு, வேலை, உறவு, பணம் என்று மற்றதெல்லாம் நமக்கு இருக்கிறது. நாய்க்கு அந்தப் பன்னிரண்டு வருஷமும் நாம்தான். வேறு ஒன்றும் கிடையாது.

இந்தக் கணக்கைப் போடுங்கள்

ஆகவே, குட்டி வாங்கும் முன் ஒரு காகிதத்தை எடுங்கள். இன்றைய வருஷத்தை எழுதுங்கள். அதோடு பன்னிரண்டைக் கூட்டுங்கள். அந்த வருஷத்தில் உங்கள் வயது என்ன? உங்கள் மகன் எங்கே இருப்பான்? மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா? வாடகை வீடு மாறினால் நாய்க்கு இடம் உண்டா? அப்போது அதற்குச் சோறு போடுகிறவர் யார்?

இதற்குப் பதில் இருந்தால் வாங்குங்கள். பதில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். பிள்ளை அழுதாலும் வாங்காதீர்கள். பிள்ளையின் அழுகை இரண்டு நாளில் நிற்கும். புளிய மரத்தடியில் விட்ட நாயின் அழுகை நிற்காது.

நான் இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மகளைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னார். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"இதற்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது எனக்கு இருபது" என்றாள்.

"அப்போது நீ எங்கே இருப்பாய்?" என்று கேட்டார் அப்பா.

"காலேஜில்."

"அப்போது இதை யார் பார்த்துக்கொள்வது?"

சிறுமி யோசித்தாள். பாட்டியைப் பார்த்தாள். பாட்டி தலையை ஆட்டினார்.

"என்னைப் பார்க்காதே, கண்ணு. பன்னிரண்டு வருஷம் கழித்து நான் இருப்பேனோ என்னவோ! உன் அப்பனைக் கேள்" என்றார்.

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. காலைச் சுற்றி வந்த குட்டியைக் குனிந்து தூக்கினார்.

"நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மா" என்றார்.

மறுநாள் காலையில் குட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். திரும்பி வந்து, அடுத்த ஊசித் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தாள் அந்தப் பெண்.

உங்கள் வீட்டு நாள்காட்டியில் அந்த வட்டம் இருக்கிறதா?